வெந்நீர் ஊற்றில் நிம்மதியாக ஒரு குளியல்: வடக்கே முதல்முறை போகிறவர்களுக்கு

இணையத்தில் வெந்நீர் ஊற்று என்று தேடினால் "கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து" வகைப் பட்டியல்கள்தான் வந்து கொட்டும். அணைக்குள் மூழ்கிப்போன ஊற்றுக்கும், 2013 வெள்ளம் வாரிக்கொண்டு போன குளத்துக்கும் அவை இன்னும் வழி சொல்லிக்கொண்டிருக்கின்றன. முட்டி வலிக்கார அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதற்காக நான் தகவல் தேடிப் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தோல் நோய் தீரும், பாவம் கரையும் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. கழுத்து வரை வெந்நீரில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்து, அலுப்புத் தீர எழுந்து வர வேண்டும். அதற்கு எந்த ஊற்று, எப்போது, எவ்வளவு செலவில் என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளைப் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இறங்கிக் குளிக்க ஏற்பாடு கிடையாது. நமக்குப் பக்கத்திலேயே ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். கர்நாடகத்தில் புத்தூர் அருகே பெந்த்ரு தீர்த்தம் இருக்கிறது. இளஞ்சூடுதான், அதற்கென்றே கிளம்பிப் போகிற அளவுக்கு இல்லை. திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் கன்னியாவின் ஏழு கிணறுகளுக்குப் போகலாம், ஆனால் அங்கே வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ளத்தான் முடியும். மும்பையில் சொந்தக்காரர்கள் இருந்தால் வஜ்ரேஷ்வரி, கணேஷ்புரி ஊற்றுகளுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் வெளியே வியர்க்கும்போது வெந்நீரில் இறங்கி என்ன சுகம்? குளிரில் நடுங்கிக்கொண்டே போய் இறங்க வேண்டும் என்றால் இமாலயம்தான்.

1. எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் டிக்கெட் போட்டவர்கள்தான் "ஒன்றுமே இல்லை, அழுக்குத் தொட்டி" என்று திரும்பி வந்து புலம்புகிறார்கள். வடக்கே வெந்நீர் ஊற்று என்றால் பெரும்பாலும் கோயிலை ஒட்டிய குளம் அல்லது குருத்வாராத் தொட்டி. ஆளுக்கொரு நீச்சல்குளம், வெள்ளைத் துண்டு, மூலிகைத் தேநீர் என்று கற்பனை செய்து வைத்திருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சில ஊர்களில் ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுவந்து ஹோட்டல் தொட்டிகளில் நிரப்புகிறார்கள். இன்னும் சில இடங்களில் மலையேறித்தான் குளத்தை அடைய வேண்டும்.

தனிமை வேண்டுமா, பக்தியா, மலையேற்றத்தின் முடிவில் ஒரு முழுக்கா? இதில் ஒன்றைத்தான் ஓர் ஊற்று ஒழுங்காகத் தரும். இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரே பயணத்தில் நான்கு ஊற்றுகளைச் சுற்றி வரத் திட்டம் போடாதீர்கள். வளைவுப் பாதையில் தினமும் ஆறு மணி நேரம் வண்டியில் குலுங்கினால், குளித்துத் தீர்த்த அலுப்பு அப்படியே திரும்ப ஏறிக்கொள்ளும். ஓர் ஊரில் மூன்று இரவு தங்கி, காலையும் மாலையும் இறங்குவதுதான் ஓய்வு.

2. ஊற்றின் சூடு வேறு, தொட்டியின் சூடு வேறு

கட்டுரைகளில் "94 டிகிரி" என்று பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அது அரிசி வேகும் சூடு. இமாச்சலத்தின் மணிகரணில் உண்மையாகவே அரிசியையும் கொண்டைக்கடலையையும் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கி வேகவைக்கிறார்கள். யமுனோத்ரியின் சூரிய குண்டத்திலும் அப்படியே. சுமார் 88 டிகிரி. குளிக்கும் தொட்டிக்கு அந்த நீரோடு குளிர்ந்த நீரைக் கலந்துதான் விடுவார்கள்.

உடம்புக்கு இதமான சூடு 38 முதல் 41 டிகிரி வரை. 43ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்காருவதே கஷ்டம். பத்ரிநாத்தின் தப்த குண்டம் 45 டிகிரியை ஒட்டியிருக்கிறது. அதனால்தான் அங்கே பலர் மொண்டு ஊற்றிக்கொண்டு கரையேறிவிடுகிறார்கள். கலக்கும் குளிர்நீரின் அளவு நாளுக்கு நாள் மாறும். எனவே நேற்று போனவர் "சரியான சூடு" என்று சொன்னதை நம்பி இன்று தொபுக்கென்று இறங்காதீர்கள். அறை பிடிக்கும்போது தொலைபேசியில் கேட்க ஒரு கேள்வி: "குண்ட் மே பைட் சக்தே ஹை, யா பானி பஹுத் கரம் ஹை?" உட்கார முடியுமா, இல்லை ரொம்பச் சூடா என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

3. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு வசிஷ்ட். மணாலியில் இருந்து 3 கிலோமீட்டர், பியாஸ் ஆற்றுக்கு எதிர்க்கரையில் மேட்டில் இருக்கும் கிராமம். வசிஷ்டர் கோயிலுக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சுவர் எழுப்பிய தொட்டிகள் உண்டு. கட்டணம் இல்லை. கந்தக வாடை அடிக்கும். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். சூடு கொஞ்சம் அதிகம், வைத்த காலை எடுக்கத் தோன்றும். கோயிலுக்கு வெளியே குழாய்களிலும் அதே வெந்நீர் கொட்டுகிறது, ஊர்ப் பெண்கள் அங்கே துணி துவைப்பார்கள். தங்கும் அறையில் இருந்து நடந்தே குளத்துக்கு வந்து போகலாம் என்பதுதான் இந்த ஊரின் பெரிய வசதி. ஈரத் தலையோடு டாக்சிக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. கந்தக வாடையே ஆகாது என்பவர்கள் மணாலிக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கலாத் பக்கம் போகலாம். கபில முனிவர் கோயிலை ஒட்டிய சிறிய இடம்.

மணிகரண் பார்வதி பள்ளத்தாக்கில், சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குருத்வாராவுக்குள் சூடான நீர்த்தொட்டிகள். பெண்களுக்குத் தனி இடம். லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவச உணவுக்கூடத்தில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், தங்கவும் இடம் தருகிறார்கள். முடிந்ததை உண்டியலில் போட்டால் போதும். தலையை மூடாமல் உள்ளே விடமாட்டார்கள், ஆண்களுக்கும் அதே விதிதான். ஒரு கைக்குட்டை போதும். புகையிலை, மது எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. கூட்டம் இருக்கும். நிம்மதியான குளியல் என்ற கணக்கில் மணிகரணுக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன். ஆனால் குறைந்த செலவில் போய்வர வேண்டும் என்றால் இதற்கு ஈடு கிடையாது.

அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே கீர்கங்கா. வண்டி பர்ஷெய்னி வரைதான். அங்கிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஏற்றம், பழக்கமில்லாதவர்களுக்கு ஐந்தாறு மணி நேரம். கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில், பனிமலையைப் பார்த்தபடி திறந்தவெளிக் குளம். பெண்களுக்குத் தடுப்பு கட்டிய தனிக் குளம். படங்களில் பார்த்து எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆனால் 2018இல் வனத்துறை அங்கிருந்த கூடாரங்களை அகற்றியது, அதற்குப் பிறகு தங்கும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் பர்ஷெய்னியிலோ பக்கத்துக் கிராமமான கல்காவிலோ இருக்கும் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, மேலே இரவு தங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும். குளித்து இளகிய காலோடு 12 கிலோமீட்டர் இறங்குவது முழங்காலுக்குத் தண்டனை.

பெரியவர்களோடு போகிறீர்களா? தத்தாபானி. சிம்லாவில் இருந்து 50 கிலோமீட்டர் சொச்சம், சட்லஜ் கரை. மற்ற ஊர்களை ஒப்பிட்டால் தாழ்வான இடம் என்பதால் மூச்சு வாங்காது, குளிரும் கடுமை இல்லை. ஆனால் இணையத்தில் பார்க்கும் மணல்கரை ஊற்றுகளின் படங்கள் பழையவை. கோல் அணையின் நீர் ஏறி அந்த ஊற்றுகள் மூழ்கிவிட்டன. இப்போது வெந்நீரைக் குழாய் இறக்கி எடுத்துக் கரையிலும் ஹோட்டல்களிலும் தொட்டிகளில் விடுகிறார்கள். இயற்கை அழகு குறைவுதான். ஆனால் ஹோட்டல் தொட்டியில் கைப்பிடி இருக்கும், படி இருக்கும், கூட்டம் இருக்காது. வீட்டுப் பெரியவர்களுக்கு இவை மூன்றும்தான் முக்கியம். மகர சங்கராந்தியன்று, அதாவது நம் பொங்கல் நாளில், இங்கே புனித நீராடக் கூட்டம் அலைமோதும். அந்த வாரத்தைத் தவிருங்கள்.

பத்ரிநாத் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று, தமிழ்நாட்டில் இருந்து வருடந்தோறும் குழுக்கள் போகின்றன. கோயிலுக்குக் கீழேயே தப்த குண்டம். தரிசனத்துக்கு முன் ஒரு முழுக்கு என்ற அளவில் அருமையான அனுபவம், வெளியே உறைகிற குளிரும் பக்கத்தில் அலக்நந்தா இரைச்சலுமாக. ஓய்வுக் குளியல் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும். உத்தராகண்டில் கொஞ்சம் நிதானமாகக் குளிக்க வேண்டும் என்றால், உத்தரகாசியில் இருந்து கங்கோத்ரி போகும் சாலையில் கங்னானி இருக்கிறது. கௌரிகுண்ட் பெயரைப் பட்டியலில் பார்த்தால் அடித்துவிடுங்கள். கேதார்நாத் பாதையில் இருந்த அந்த வெந்நீர்க் குளம்தான் 2013 வெள்ளத்தில் போனது.

லடாக்கில் நூப்ரா பள்ளத்தாக்கின் பனாமிக், சிந்து நதிக்கரையின் சுமதாங், வடக்கு சிக்கிமின் யும்தாங் எல்லாம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். குளியலுக்காக மட்டும் அவ்வளவு தூரம், அவ்வளவு உயரம் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பனாமிக் போக 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கார்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும்.

4. தேதி குறிப்பது

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மலைச்சரிவும் வெள்ளமும் அந்த மாதங்களில்தான். 2023 ஜூலையில் பியாஸ் பெருகிக் குல்லு–மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. செப்டம்பர் பாதி வரை இந்தக் கவனம் தேவை. மே, ஜூனில் வழி திறந்திருக்கும், ஆனால் வட இந்தியாவுக்கே அப்போதுதான் கோடை விடுமுறை. தொட்டியில் தோளோடு தோள் இடிக்கும், அறை வாடகை இரட்டிப்பாகும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மணாலியிலும், மணிகரண் அருகே இருக்கும் கசோலிலும் இதே கதைதான்.

அக்டோபர் நடுவில் இருந்து நவம்பர் கடைசி வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், காலையில் குளிர் கடிக்கும், ஆள் குறைவு. தீபாவளி விடுமுறையை ஒட்டிய நாலைந்து நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்தபடியாக மார்ச். பனியைப் பார்த்துக்கொண்டே குளிக்க ஆசை என்றால் ஜனவரி, பிப்ரவரியில் வசிஷ்ட் போகலாம். பனி விழுந்து சாலை அடைபட்டால் ஓரிரு நாள் அங்கேயே மாட்டிக்கொள்ள நேரும். அதற்குத் தகுந்தபடி விடுப்பு எடுங்கள்.

பத்ரிநாத், யமுனோத்ரி, கங்கோத்ரி கோயில்கள் ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் திறந்து தீபாவளிக்குப் பின் மூடப்படும். பத்ரிநாத் நவம்பரில் சற்றுத் தாமதமாக மூடும். மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை போவது உத்தமம்.

நாளில் எந்த நேரம் என்பதும் முக்கியம். விடியற்காலைதான் தண்ணீர் சுத்தமாக இருக்கும். பகல் பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிடும். தொட்டியை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வடித்துக் கழுவுகிறார்கள் என்று போன அன்றே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த காலையில் இறங்குங்கள்.

5. ஆவணங்கள்

குல்லு, மணாலி, மணிகரண், தத்தாபானி எதற்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. அறை எடுக்க ஒவ்வொரு பெரியவருக்கும் ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவருடையது போதாது. மணாலியில் சிலர் "அனுமதிச் சீட்டு எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பார்கள். அது ரோத்தாங் கணவாய்க்கு வண்டியில் போகிறவர்களுக்கு உரியது. வசிஷ்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பத்ரிநாத், யமுனோத்ரி, கங்கோத்ரி என்றால் சார்தாம் யாத்திரைப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்திலோ, டூரிஸ்ட் கேர் உத்தராகண்ட் செயலியிலோ பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை, போகும் தேதி கொடுத்துப் பதிய வேண்டும். குழுவில் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியே ஏற வேண்டும். மே, ஜூன் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முதலில் பதிவு, அப்புறம் ரயில் டிக்கெட் என்ற வரிசையில் செய்யுங்கள். சீட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

லடாக்கில் நூப்ரா போகும் இந்தியக் குடிமக்களுக்கு உள்நுழைவு அனுமதி 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் சுற்றுச்சூழல் கட்டணத்தை இணையத்தில் கட்டி அந்த ரசீதைக் காட்ட வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். யும்தாங் போக வடக்கு சிக்கிமுக்கான அனுமதி வேண்டும், அதைப் பதிவு பெற்ற பயண முகவர் மூலம்தான் எடுக்க முடியும். வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட்டின் நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இரண்டு மூன்று கொண்டு போங்கள். பான் கார்டு இதற்கு உதவாது.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சொல்: நூப்ராவுக்கும் வடக்கு சிக்கிமுக்கும் உங்களுக்கான அனுமதி விதிகள் வேறு, இன்னும் கடுமையானவை. இமாச்சலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அரசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சிச் சின்ன விடுதிகள் வாசலில் வைத்தே இடமில்லை என்று சொல்லிவிடும். முன்கூட்டிப் பேசி உறுதி செய்துகொண்டு போங்கள்.

6. பயணமும் செலவும்

சென்னையில் இருந்து வசிஷ்ட் அல்லது மணிகரண் போகிற கணக்கைச் சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கு இதிலிருந்து நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி, ஏறக்குறைய 33 மணி நேரத்தில், மூன்றாம் நாள் விடியற்காலை புது தில்லி போய்ச் சேரும். மூன்றாம் வகுப்பு ஏசியில் ஓர் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். தில்லியில் இருந்து மணாலிக்கு வால்வோ பேருந்துகள் மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் சேரும், 12 முதல் 14 மணி நேரம். இமாச்சல அரசுப் பேருந்து காஷ்மீரி கேட் நிலையத்தில் இருந்து புறப்படும். புது தில்லி ரயில் நிலையத்தில் இருந்து மஞ்சள் தட மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். தனியார் பேருந்துகள் பெரும்பாலும் மஜ்னு கா டிலாவில் ஏற்றுகின்றன. டிக்கெட்டில் "தில்லி" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த இடம் என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் தூரமில்லை என்றாலும் பெட்டிகளோடு மாறி ஓட முடியாது. கட்டணம் பருவத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,000 ரூபாய் வரை.

காலையில் தில்லி இறங்கி மாலைப் பேருந்தைப் பிடிப்பதால் நடுவில் ஒரு பகல் கிடைக்கிறது. அதைச் சுற்றிப் பார்க்கச் செலவழிக்காதீர்கள். ரயில் தாமதமானால் காப்பாற்றப்போவது அந்தப் பகல்தான். பெரியவர்கள் இருந்தால் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்து படுக்க வையுங்கள். பேருந்தில் மண்டி என்ற ஊருக்குப் பிறகு வளைவுகள் தொடங்கும். வாந்தி மாத்திரையை ஏறும் முன்பே போட்டுக்கொண்டால்தான் பலன்.

மணிகரண் போகிறவர்கள் மணாலி வரை போகக் கூடாது. நடுவில் புந்தர் என்ற ஊரில் இறங்க வேண்டும். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், அதிகாலைத் தூக்கத்தில் தவறிப்போகும். அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் மணிகரண். நூறு ரூபாய்க்குள் முடியும். டாக்சி கேட்டால் பல மடங்கு.

வசிஷ்டில் சீசன் இல்லாத நாளில் இருவர் தங்கும் சுமாரான அறை 1,000 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும். ரயில், பேருந்து போக வர, நான்கு இரவு, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கினால் கையைக் கடிக்காது. விமானம் என்றால் அது தனிக் கணக்கு. அப்படிப் போவதானால் தில்லிக்குப் பதில் சண்டிகர் விமானத்தையும் விலை பாருங்கள், சாலைப் பயணம் பல மணி நேரம் குறையும்.

குளிப்பதற்கு மட்டும் எங்கேயும் பெரிய செலவில்லை. கோயில், குருத்வாராத் தொட்டிகளுக்குக் கட்டணமே கிடையாது. "சிறப்புக் குளியல்", "பூஜையோடு குளியல்" என்று யாராவது கூப்பிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

7. அறை பிடிக்கும்போது

பெரிய பொறி இங்கேதான். "இயற்கை வெந்நீர்" என்று விளம்பரம் செய்யும் விடுதிகளில் பல, குளியலறையில் கீஸர் மாட்டி வைத்திருப்பவை. எங்களிடமும் ஒரு முகவர் "அறைக்குள்ளேயே கந்தக நீர்" என்று சொல்லி முன்பணம் கேட்டார். குழாயைத் திறந்து ஒரு வீடியோ அனுப்பச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. நீங்களும் அதையே கேளுங்கள்: "குண்ட் கா பானி ஹை யா கீஸர் கா?" ஊற்று நீரா, கீஸர் நீரா என்று அர்த்தம். தொட்டி எத்தனை பேருக்குப் பொது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றுகிறார்கள், படியும் கைப்பிடியும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். நீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டிதான் நல்லது. தேங்கிய நீரைச் சூடாக்கி வைத்திருப்பது ஊற்றுக் குளியலே ஆகாது.

வரைபடத்தில் தூரம் பார்த்தால் மட்டும் போதாது, ஏற்றத்தையும் விசாரியுங்கள். மலையூரில் 300 மீட்டர் என்பது நூறு படிகளாக இருக்கலாம். முட்டி வலிக்காரர்களுக்கு அந்தப் படிகளைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை.

8. தொட்டிக்குள் இறங்கும் முன்பும் பின்பும்

வெள்ளி நகைகளைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கந்தக நீர் பட்டால் கொலுசும் மெட்டியும் கறுத்துப்போகும். கவரிங் நகைக்கும் அதே கதிதான். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உடை மாற்றும் இடத்தில் தொலையும்.

பொதுத் தொட்டிகளில் ஆண்கள் அரைக்கால் சட்டையோடும், பெண்கள் சுடிதார் அல்லது நைட்டியோடும் இறங்குகிறார்கள். பெண்கள் பகுதி முழுக்க அடைப்புக்குள் இருந்தாலும் அடர்நிறப் பருத்தி உடை நல்லது. புடவை நனைந்து கனத்துப் படியில் தடுக்கும். மாற்று உடை, இரண்டு துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, குல்லாய். செருப்பைக் கோயில் வாசலில் விட வேண்டியிருக்கும். ஈரக் கல் வழுக்கும், வெறுங்காலில் மெதுவாக நடங்கள். சோப்பு, ஷாம்பு தொட்டிக்குள் கூடாது. வெளியே குழாயில் உடம்பைக் கழுவிவிட்டு இறங்குவதுதான் மரியாதை, யாரும் சொல்லாவிட்டாலும். பெண்கள் பகுதியில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு என்று இறங்குங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஏறி ஐந்து நிமிடம் கரையில் இருங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று தாராளம். தலையை முக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறவும் கூடாது. கேரளத்தில் சமீப ஆண்டுகளில் பலரைப் பலிகொண்ட மூளை அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். அபூர்வம்தான், ஆனாலும் குழந்தைகள் முங்கி விளையாடுவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அந்த நீரைத் தீர்த்தம் என்று குடிக்கவும் வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் மயக்கம் வரும், வெறும் வயிறும் ஆகாது. ஒரு டீ, இரண்டு பிஸ்கட் சரி. எழுந்திருக்கும்போது சட்டென்று நிமிராதீர்கள். சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும். வெளியே ஐந்து டிகிரிக் குளிர் காத்திருக்கிறது என்பதால் துவட்டிக் குல்லாய் மாட்டிய பிறகுதான் கதவுப் பக்கம் போக வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். குளித்துவிட்டு உடனே வண்டி ஓட்டாதீர்கள், தூக்கம் கண்ணைச் சுற்றும்.

9. யார் இறங்கக் கூடாது

கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் வேண்டாம். சர்க்கரை நோய் நாள்பட்டுப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சூடு தெரியாமலே கால் வெந்துவிடும். அவர்களுக்கு முன்னால் வேறொருவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மது அருந்திவிட்டு யாருமே இறங்கக் கூடாது. பச்சைக் குழந்தைகளைத் தொட்டிக்குள் கொண்டுபோகாமல், ஆறவைத்த நீரை வாளியில் எடுத்து ஊற்றினால் போதும்.

மருந்து சாப்பிடுகிற பெரியவர்களைக் கூட்டிப் போவதானால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். "வெந்நீரில் குளிக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமாக" என்றுதான் பதில் வரும். நாற்பது டிகிரி நீரில் பத்து நிமிடம் உட்காரப்போகிறார், ஊர் இத்தனை மீட்டர் உயரம், வெளியே இவ்வளவு குளிர் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மருந்துச் சீட்டின் நகலையும் பயண நாட்களைவிட நான்கு நாளுக்குக் கூடுதலாக மாத்திரைகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் பெட்டி ஒரு வண்டியிலும் நீங்கள் இன்னொரு வண்டியிலும் போக நேரிடலாம்.